சைக்கிளை வெளியில் எடு, தம்பி

தம்பி,

நாலு நாளாக நான் எடுக்கிற போனுக்கு நீ பதில் சொல்லவில்லை. சைக்கிளைக் கொட்டிலுக்குள் தள்ளி, மேலே சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார். இதை எல்லாரும் வாசிக்கிற இடத்தில்தான் எழுதுகிறேன். ஏனென்றால் என் சின்னவளின் கால் உன் சைக்கிள் சில்லுக்குள் போன அன்று உன்னை நான் ஏசியதும் எல்லாருக்கும் முன்னால்தான்.

சனி ஞாயிறு உங்கள் வீட்டில் நிற்கலாம் என்று எவ்வளவு ஆசையாக வந்தோம். வவுனியாவில் விடியவே வெளிக்கிட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, இரணைமடுவுக்கு வந்து சேர்ந்தபோது உன் அம்மா குளத்து மீன் குழம்பை இறக்கி வைத்திருந்தார். பின்னேரம் குளக்கட்டில் நல்ல காற்று. பெரியவர்கள் நாங்கள் கட்டின் மேல் குந்தியிருந்து, இந்தக் குளத்தை 1902 இல் கட்டத் தொடங்கி 1921 இல்தான் முடித்தார்கள், கனகராயன் ஆற்றை மறித்த வேலை என்றெல்லாம் கதைத்துக்கொண்டிருந்தோம். சின்னவள் உன்னோடு ஒரு சுற்றுப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். போ என்று சொன்னது நான். கரியரில் தூக்கி வைத்ததும் நான்தான். அதை அன்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவள் பிறகுதான் முழுக்கதையும் சொன்னாள். மயிலைப் பார்க்கத் திரும்பினாளாம், கால் சில்லுக்குள் போய்விட்டதாம். நீ உடனே நிறுத்தினாய். காலை இழுக்கவில்லை, சில்லை உருட்டவும் இல்லை. கம்பிகளை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்துக்கொண்டு "மெதுவா எடு, மெதுவா எடு" என்று சொன்னாய். போத்தலில் இருந்த குடிதண்ணீர் முழுவதையும் காயத்தில் ஊற்றி, உன் சேர்ட்டைக் கழற்றி அமத்திப் பிடித்து, அவளைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டு வழியே ஓடி வந்தாய். பதின்மூன்று வயதில் இதை உனக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்தது என்ன? வெறும் மேலோடு ஓடி வந்த பிள்ளையைப் பார்த்து "கண் தெரியாதா உனக்கு" என்று கத்தினேன். அப்பம்மா அதற்கு மேல் ஏசினார். ஏசிக்கொண்டே ஒரு கரண்டி கோப்பித்தூளை எடுத்து வந்து காயத்தில் அப்பினார்.

தம்பி, அவள் அன்று ஆகக் கூடுதலாகக் கத்தியது ஆஸ்பத்திரியில், அந்தக் கோப்பித்தூளைக் கழுவி எடுக்கும்போதுதான். குதிக்காலுக்கு மேலே தோல் நசுங்கிச் சிவந்திருந்த இடத்தில் கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருந்தது, துணியை நனைத்து நனைத்துத் துடைத்தார்கள், நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டொக்டர் என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி. காலை இழுத்து எடுத்தீர்களா? முதலில் தண்ணீரால் கழுவினீர்களா? இரண்டுக்கும் உன்னால்தான் நான் தலை நிமிர்ந்து பதில் சொன்னேன். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. சில்லுக்குள் போன கால் முதல் நாள் சின்னக் காயமாகத்தான் தெரியுமாம், நசுங்கிய தோல் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கறுக்குமாம், அதனால் திரும்பக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி ஒழுங்காகப் போட்டிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையையும் பார்த்தார். நேற்றுக் காட்டினோம். ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குக் கறுத்திருக்கிறது, அது உரிந்து கீழே புதுத் தோல் வரும் என்றார். காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துக்கொண்டு இப்போது வீட்டையே ஆட்டிப் படைக்கிறாள்.

உன் அப்பாவின் வலது குதிக்காலைக் கேட்டுப் பார். 1996 இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன் பக்கம் இடம்பெயர்ந்தபோது, உன் அப்பப்பா ஒரே சைக்கிளில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றி மிதித்தார். நான் முன் பாரில், அண்ணா பின்னால் மூட்டைக்கு மேல். வழியில் அண்ணாவின் கால் கம்பிக்குள் போனது. என் அப்பா சாரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டுத் திரும்பவும் மிதித்தார். அன்று அவரை ஒருவரும் ஏசவில்லை. அப்பம்மாவும்தான். இதை நான் அப்பம்மாவுக்கு ஞாபகப்படுத்தினேன். கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெடியன் சாப்பிட்டானா" என்று மட்டும் கேட்டார். உன்னோடு கதைக்க அவருக்கும் கூச்சமாக இருக்கிறது.

என்னை மன்னித்துவிடு ராசா. ரத்தத்தைக் கண்டதும் வந்த பயத்தை எல்லாம் உன் தலையில் கொட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை வருகிறோம். பின் சில்லின் இரண்டு பக்கத்தையும் மறைக்கிற தகடும், கால் வைக்கிற கட்டையும் இங்கே சைக்கிள் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன், உன் அப்பாவும் நீயுமாகப் பூட்டுங்கள். காயம் ஆறும்வரை சின்னவளை ஏற்ற விடமாட்டேன், அது அவளுக்கும் தெரியும். ஆனால் ஆறின பிறகு யாரோடு போவாள் என்று கேட்டதற்கு உன் பெயரைத்தான் சொல்கிறாள். முறிகண்டியில் உனக்கும் கச்சான் வாங்குகிறேன். வறுத்ததா, அவித்ததா என்று போன் எடுத்துச் சொல்லு.

உன் மாமி