கோரிக்கை மனு: அச்சு மெஷினுக்கான கார்பன் விளக்கு வீட்டு ஹீட்டர் அல்ல

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
நுவரெலியா.

மதிப்புக்குரிய ஐயா/அம்மா,

ஹட்டனில் பன்னிரண்டு வருடமாகச் சின்ன ஆஃப்செட் அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். இருப்பது ஒரேயொரு பழைய ஹைடெல்பெர்க் ஜிடிஓ 52 அச்சு மெஷின், வேலைக்கு மூன்று பேர். திருவிழா நோட்டீஸ், கலியாணக் கார்ட், பரீட்சைத் தாள் என்று ஓடிக்கொண்டிருந்தோம், இரண்டு வருடமாகத் தேயிலைப் பெட்டி அட்டையும் அடிக்கிறோம். தலையிடி அந்த அட்டையில்தான் தொடங்கியது.

மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, துவைத்த உடுப்பே மூன்று நாள் காயாது. ஆஃப்செட் மை எண்ணெய் மை. தாள் கொஞ்சம் உறிஞ்ச வேண்டும், மிச்சம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுக வேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் எல்லாமே இழுபறிதான், அடித்த தாளின் மை மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். எங்களுடையது ஒரு நிற மெஷின் என்பதால் நான்கு நிறத்துக்கு நான்கு தடவை ஓட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் காய்வதற்குக் காத்திருந்தால் ஓடர் கொடுத்தவர் கொழும்புக்குப் போய்விடுவார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் பவுடர் தூவலாம்தான், ஆனால் அட்டை சொரசொரவென்று ஆகிவிடும். அப்புறம் தேயிலை பக்கத்திலிருக்கும் வாடையையெல்லாம் இழுக்கும் சரக்கு, மை மணக்கும் பெட்டியை யார் வாங்குவார்கள்?

இதற்கு மருந்து தாள் வந்து விழும் இடத்துக்கு மேலே பூட்டும் அகச்சிவப்பு கார்பன் விளக்கு. குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் கார்பன் இழை, பின்பக்கம் வெள்ளைப் பூச்சோ தங்கப் பூச்சோ இருக்கும், வெப்பம் முழுக்கத் தாள் பக்கம் திரும்புவதற்காக. இழை சுமார் 1200 பாகை செல்சியஸில் எரியும்போது வரும் வெப்பக் கதிர் 2 மைக்ரோன் அலைநீளத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். தண்ணீர் நன்றாக இழுத்துக்கொள்ளும் 3 மைக்ரோன் பக்கமும் அதில் நிறையக் கிடைப்பதால், அட்டைக்கு மேலே மினுக்கத்துக்காகப் பூசும், தண்ணீர் கலந்த வார்னிஷும் சீக்கிரம் காய்கிறது. முக்கியமான விஷயம் இன்னொன்று: மெஷின் சட்டென நின்றால் இது ஓரிரு விநாடியில் அடங்கிவிடும். உலோகக் கம்பி வைத்த பழைய மாதிரிக் குவார்ட்ஸ் ஹீட்டர் ஆறுவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும், அதற்குள் கீழே நிற்கும் தாள் கருகிவிடும்.

இதெல்லாம் நான் காசு கொடுத்துப் படித்த பாடம். போன வருடம் ஒரு வியாபாரி கார்பன் என்று சொல்லித் தந்ததை வாங்கிப் பூட்டினேன். எரிய விட்டால் கண் கூசும் வெள்ளை வெளிச்சம். கார்பன் செம்மஞ்சளாகத்தான் எரியும், இது ஹலஜன். அதன் குட்டை அலை கறுப்பு மையில் ஏறுகிற அளவுக்கு மஞ்சளில் ஏறாது. கறுப்பு அடித்த இடம் சுருண்டது, மஞ்சள் அடித்தது அப்படியே ஒட்டியது. அட்டை முழுக்க அடுப்புக்குத்தான் போனது.

சரி, இந்தத் தடவை முறையாக வாங்குவோம் என்று சிறுதொழில் இயந்திரக் கடனுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தைப் பார்த்த அலுவலகத்தில், குளிருக்கு வீட்டில் போடும் ஹீட்டருக்கெல்லாம் கடன் தர முடியாது என்று திருப்பிவிட்டார்கள். நுவரெலியா மாவட்டத்துக்காரன் ஹீட்டர் கேட்டால் அப்படித்தான் நினைப்பார்கள், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் கைப்பிடி இல்லாத, பிளக் இல்லாத, கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாமல் எரியவே எரியாத ஒரு குழாயை எந்த வீட்டில் எங்கே வைப்பது?

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். சிறுதொழில் பொறுப்பிலுள்ள உத்தியோகத்தர் ஒருவரை மழை நாளொன்றில் எங்கள் அச்சகத்துக்கு அனுப்புங்கள், ஈரத் தாளைத் தொட்டுப் பார்க்கட்டும். பார்த்தபின் இந்த விளக்குத் தொகுதி அச்சு மெஷினின் பாகம் என்று எழுத்தில் ஒரு குறிப்புத் தாருங்கள், அதை வைத்து நான் மறுபடி விண்ணப்பிப்பேன். இலவசமாக எதுவும் வேண்டாம், தவணையில் கட்டுகிறேன். தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் இதே கஷ்டத்தில் இருக்கும் அச்சகக்காரர்கள் சிலரோடு பேசியிருக்கிறேன், ஒன்றாக வாங்க விருப்பம் சொல்கிறார்கள். அப்படி வாங்கும்போது பொருள் உண்மையில் கார்பன்தானா என்று பார்த்துச் சொல்லத் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரை ஒழுங்கு செய்து தந்தால் பெரிய உதவி, ஒருமுறை ஏமாந்தது போதும்.

மின்சாரம் பற்றிக் கேட்பீர்கள். எங்களிடம் மும்முனை இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1 கிலோவாட் விளக்கு ஆறு, ஒரு முனைக்கு இரண்டாகப் பிரித்தால் இருக்கும் இணைப்பே தாங்கும். மெஷின் நின்றால் விளக்கும் அணையும்படி இணைத்து, ஆவி வெளியேற விசிறியும் வைப்போம்.

அடுத்த மழைக்கு முன் ஒரு பதில் கிடைத்தால், கையிலிருக்கும் பெட்டி ஓடரை விடாமல் பிடித்துக்கொள்ள முடியும். விலைப்பட்டியலும், வீணாய்ப்போன அட்டைகளில் இரண்டும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அச்சக உரிமையாளர்,
ஹட்டன்.