நூ-மெட்டல் லிங்கின் பார்க்கில் தொடங்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், தொண்ணூறுகளில் அமெரிக்காவில் பிறந்த கனமான ராக் வகையான நூ-மெட்டலை உருவாக்கிய பாடல்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த இசையைப் பற்றி இரண்டு பக்கம் வருவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் லிங்கின் பார்க்கின் ‘இன் தி எண்ட்’ பாட்டில் ஆரம்பித்து அதே குழுவின் ‘நம்ப்’ பாட்டில் கட்டுரை முடிந்துவிட்டது. நடுவில் லிம்ப் பிஸ்கிட், ஸ்லிப்நாட், பாப்பா ரோச் என்று சில பெயர்கள் வந்தன, கோர்ன் குழுவுக்கு ஒரே ஒரு பத்திதான், அதிலும் ஒரு பெரிய தவறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லிங்கின் பார்க்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களுடைய முதல் ஆல்பமான ‘ஹைப்ரிட் தியரி’ 2000 அக்டோபரில் வந்தது, 2001-இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் அவ்வளவு கோபத்தைப் பாட முடியும் என்று காட்டினார்கள், நம் ஊரில் என் வயதுக்காரர்கள் பலர் கனமான கிட்டார் சத்தத்தை முதலில் கேட்டதே அவர்கள் பாட்டில்தான். ஆனால் அவர்கள் வண்டி ஓட்டியது ஆறு வருடத்துக்கு முன்பே வேறு சிலர் போட்டு வைத்த ரோட்டில். அந்த ரோட்டைப் போட்ட பாட்டு கோர்னின் ‘பிளைண்ட்’, 1994 அக்டோபரில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. அது இல்லாமல் இப்படி ஒரு பட்டியல் போடவே முடியாது என்பது என் கட்சி.

ஒருமுறை ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். முதலில் சிம்பல் மட்டும், டிரம்மர் டேவிட் சில்வேரியா அவசரமே இல்லாமல் தட்டிக்கொண்டிருப்பார். பிறகு ஒரு கிட்டார் வரும், அதன் மேல் இன்னொன்று, இரண்டும் சேர்ந்தால் இனிமையாக இருக்காது, ஏதோ தப்பாகப் போகிறது என்று வயிற்றில் ஒரு பயம் வரும். அப்புறம் பாடகர் ஜொனாதன் டேவிஸ் ‘தயாரா’ என்று கேட்டுக் கத்துவார், அந்த நொடியில் எல்லா வாத்தியமும் ஒன்றாக இறங்கும். நான் பேஸ் வாசிப்பவன், அதனால் என் காது எப்போதும் கோர்னின் பேஸ்காரர் ஃபீல்டியிடம்தான் போகும். ஐந்து ஸ்ட்ரிங் பேஸை இன்னும் கீழே சுருதி இறக்கி வைத்து அறைவார், ஸ்வரத்துக்கு முன்னால் ‘டக்’ என்ற அடி கேட்கும், பேஸ் பாதி, டிரம்ஸ் பாதி. மெட்டலில் பல பாட்டுகளில் பேஸ் கிட்டாருக்கு அடியில் மறைந்து போய்விடும். இங்கே அதைத் தேட வேண்டியதே இல்லை.

கிட்டார் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஐபனேஸ் கம்பெனியின் ஏழு ஸ்ட்ரிங் கிட்டார் ஸ்டீவ் வை போன்ற மின்னல் விரல்காரருக்காக 1990-இல் வந்த சாமான். பேக்கர்ஸ்ஃபீல்டில், அதாவது எண்ணெய்க் கிணறும் வயலுமாக இருக்கும் கலிஃபோர்னியாவின் உட்பகுதியில், மங்கி, ஹெட் என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட கோர்னின் கிட்டார்காரப் பையன்கள் இரண்டு பேர் அதையே எடுத்து, ஏழாவது ஸ்ட்ரிங்கை ‘ஏ’ ஸ்வரம் வரை இறக்கி, சோலோவே வேண்டாம் என்று விட்டுவிட்டு, கனத்துக்கு மட்டும் பயன்படுத்தினார்கள். மீதி நேரத்தில் அவர்கள் கிட்டார் சைரன் மாதிரி கீச்சிடும், முனகும். சைப்ரஸ் ஹில் போன்ற ராப் குழுக்களின் ரெக்கார்டுகளில் பின்னால் ஓடும் அந்த விசித்திரமான சத்தங்களை கிட்டாரிலேயே கொண்டுவரப் பார்த்தார்கள். கோர்னிடம் டிஜே கிடையாது, அவர்கள் ஹிப்ஹாப்பைக் கைவிரலால் வாசித்தார்கள். உங்கள் கட்டுரை நூ-மெட்டல் என்றால் ‘மெட்டலும் ராப்பும் கலந்தது’ என்று ஒரு வரியில் கடந்துபோனது. அந்தக் கலவை எங்கே, எப்படி நடந்தது என்பதுதானே கதை?

ராப்பும் ராக்கும் அதற்கு முன்பே பழகிய ஆட்கள்தான். 1986-இல் ரன் டிஎம்சி ஏரோஸ்மித்தோடு சேர்ந்து ‘வாக் திஸ் வே’ செய்தார்கள், 1991-இல் ஆந்த்ராக்ஸ் பப்ளிக் எனிமியோடு ‘பிரிங் த நாய்ஸ்’ செய்தார்கள், நடுவில் ஃபெயித் நோ மோரின் ‘எபிக்’ வந்தது, 1992-இல் ரேஜ் அகென்ஸ்ட் த மெஷின் வந்தது. இதையெல்லாம் ஒரு பத்தியிலாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இவற்றில் எதிலும் ‘பிளைண்ட்’ பாட்டின் அந்த நோய்பிடித்த இருட்டு இல்லை. ரேஜின் கோபம் வெளியே பார்க்கும், போலீசையும் அரசையும் கேள்வி கேட்கும். டேவிஸின் கோபம் உள்ளே பார்க்கிறது. கோர்னுக்கு வருவதற்கு முன் அவர் கெர்ன் கவுண்டி பிண விசாரணை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், பள்ளியில் கேலி செய்யப்பட்டவர், மேடையில் பேக்பைப் ஊதுபவர். ‘பிளைண்ட்’கூட அவர் முன்பு பாடிய செக்ஸ்ஆர்ட் என்ற உள்ளூர்க் குழுவில் பிறந்து அவரோடு கோர்னுக்கு வந்த பாட்டுதான்.

கோர்னின் அந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்த ராஸ் ராபின்சன் பெயர் உங்கள் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. மாலிபு மலைமேல் இண்டிகோ ராஞ்ச் ஸ்டுடியோவில் இதைப் பதிவு செய்தவர் அவர்தான். அங்கேயே பிரேசிலின் செபல்ச்சுரா குழுவோடு, 1996-இல் வெளியான ‘ரூட்ஸ்’ ஆல்பத்தையும் செய்தார். த்ராஷ் என்ற அதிவேக மெட்டலில் ஏற்கெனவே உலகம் தெரிந்த ஒரு குழு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஷவாந்தே பழங்குடி மக்களோடு உட்கார்ந்து பாடிப் பதிவு செய்து, ‘ரூட்ஸ் பிளடி ரூட்ஸ்’ என்ற அந்த மூன்றரை நிமிட இடியை இறக்கியது. கலிஃபோர்னியாவின் பையன்கள் தொடங்கிய சத்தத்தைத் தங்கள் ஊர் மேளத்தோடு யாரும் கட்டிக்கொள்ளலாம் என்று அது காட்டியது. இன்றைக்கு டெல்லியின் பிளடிவுட் குழு டோலும் ராப்பும் கனமான கிட்டாருமாக 2022-இல் ‘ரக்ஷக்’ ஆல்பம் போட்டதைக் கேட்கும்போது எனக்கு அந்த ‘ரூட்ஸ்’தான் ஞாபகம் வருகிறது.

டெஃப்டோன்ஸ் (‘மை ஓன் சம்மர்’, 1997) விடுபட்டதும் வருத்தம்தான். ஆனால் சிஸ்டம் ஆஃப் எ டவுன் விடுபட்டது அதைவிடப் பெரிய குறை. அர்மேனிய வேர் கொண்ட நால்வர், 1998-இல் வந்த முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டையே அர்மேனிய இனப்படுகொலைக்காகப் பாடியவர்கள். ‘சாப் சூயி’ இருக்கும் ‘டாக்ஸிசிட்டி’ 2001 செப்டம்பர் 4-இல் வெளியானது, இரட்டைக் கோபுரங்கள் விழுந்த வாரத்தில் அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டில் முதலிடத்தில் இருந்தது. தற்கொலை என்ற சொல் வருகிறது என்பதால், ஒலிபரப்பத் தகாதவை என்று ஒரு பெரிய அமெரிக்க வானொலி நிறுவனத்துக்குள் சுற்றிய பட்டியலில் அந்தப் பாட்டும் சேர்ந்தது. இதை விட்டுவிட்டு எழுதினால் நூ-மெட்டல் என்பது வெறும் காதல் தோல்விக் கூச்சல் என்றுதான் வாசகர் நினைப்பார்.

அடுத்தது 1999-இல் அமெரிக்காவில் நடந்த இசை விழா வுட்ஸ்டாக் 99. அங்கே சனிக்கிழமை லிம்ப் பிஸ்கிட் பாடிய ‘பிரேக் ஸ்டஃப்’ பாட்டுதான் கலவரத்துக்குக் காரணம் என்று கட்டுரையாளர் சொல்லிவிட்டார். அங்கே பெண்களுக்கு நடந்த கொடுமையை நான் ஒரு வார்த்தைகூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன், கூட்டம் கட்டு மீறிக்கொண்டிருக்கும்போது லிம்ப் பிஸ்கிட் அதைத் தணிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் கொளுத்தும் ஜூலை வெயிலில் நிழல் இல்லாத பழைய விமானப்படைத் தளத்தில் லட்சக்கணக்கான பேரை அடைத்து, தண்ணீர் பாட்டிலை 4 டாலருக்கு விற்றவர்கள் யார்? பெரிய தீ மூண்டது மறுநாள் ஞாயிறு இரவு, அப்போது மேடையில் இருந்தது வேறு குழு. நடத்தியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் பழியை ஒரு பாட்டின் மேல் போடுவது நியாயமில்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கோர்னின் முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘டாடி’. அதில் ஜொனாதன் டேவிஸ் தன் தகப்பனார் தனக்குச் செய்த கொடுமையைப் பாடியிருக்கிறார் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. இது தவறு. சிறு வயதில் தன்னிடம் பாலியல் கொடுமை செய்தவர் வேறு ஆள், அதை வீட்டில் சொன்னபோது நம்பவில்லை, பொய் சொல்கிறான் என்று நினைத்துவிட்டார்கள், அந்த வலிதான் பாட்டு என்று டேவிஸே பேட்டியில் விளக்கியிருக்கிறார். பாடும்போது அவர் உடைந்து அழ ஆரம்பித்தார், ராபின்சன் டேப்பை நிறுத்தவில்லை, குழுவினர் வாசிப்பதையும் நிறுத்தவில்லை. அந்த அழுகை அப்படியே ஆல்பத்தில் இருக்கிறது. பல வருடம் அதை மேடையில் பாடாமலே இருந்துவிட்டு, 2015-இல் முதல் ஆல்பம் முழுவதையும் வாசித்த கச்சேரிகளில்தான் பாடினார்.

குழந்தை சொன்னதை வீடு நம்பவில்லை என்பதைப் பாடிய பாட்டு அது. அதில் நாமும் அவர் சொன்னதை மாற்றி எழுதினால் எப்படி? அதோடு, செய்யாத குற்றத்தை ஒரு தகப்பன் மேல் அச்சில் போட்டிருக்கிறோம். தயவுசெய்து அடுத்த இதழில் இந்த ஒரு வரிக்காவது திருத்தம் வெளியிடுங்கள். கடிதம் நீளம் என்றால் மற்றதையெல்லாம் வெட்டிவிடுங்கள், இந்தப் பத்தியை மட்டும் விட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்,
கோயம்புத்தூர்