பைன் காட்டுக்குப் பிள்ளைகளோடு வரும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கொடைக்கானல் வருவதாகச் சொன்னாய். வண்டியிலிருந்து இறங்கி, படம் எடுத்து, மறுபடி வண்டியில் ஏறுகிற சுற்றுலா போதும், இந்த முறை பிள்ளைகளைக் காட்டுக்குள் கொஞ்சம் நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்றாய். அத்தான் பைன் காடு என்கிறார். உன் தோழி ஒருத்தியோ அது காடே இல்லை, போவது வீண் என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன். இதே குழப்பத்தோடு மலையேறும் வேறு அக்காக்களும் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

உன் தோழி சொல்வது உண்மைதான். ஆனாலும் நீ அத்தான் சொல்லும் இடத்துக்கே போ.

அந்தக் காடே மனிதர் வைத்தது. 1906-இல் பிரையன்ட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி இங்கே பைன் நடத் தொடங்கினார். ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறதே பூங்கா, அது அவர் பெயரில் இருப்பதுதான். பின்னால் வனத்துறையும் தன் பங்குக்குப் பைன், சீகை, தைலமரம் என்று வைத்துப் பழனி மலைத்தொடரின் புல்வெளிகளைப் பெரும்பாலும் மூடிவிட்டது. தென்னாட்டு மலைகளுக்கே உரிய பைன் வகை என்று ஒன்றுகூடக் கிடையாது. இந்த மலையில் அதிகம் காணப்படும் பாட்டுலா வகை மெக்சிகோவிலிருந்து வந்தது. சுற்றுச்சூழல் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முதன்முதலாகக் காட்டுக்குள் காலடி வைக்கிறவளுக்கு அந்தக் குறையே வசதி. பைன் ஊசிகள் எளிதில் மக்குவதில்லை. விழுந்து விழுந்து தரையில் மெத்தையாகப் படிந்துவிடும். மேலே நிழல், கீழே ஊசிப்படுகை. புதரும் முள்ளும் அவ்வளவாகத் தலைதூக்க முடியாது. அதனால் சின்னவன் ஐம்பது அடி தள்ளி ஓடினாலும் அவன் சிவப்பு ஸ்வெட்டர் உன் கண்ணில் இருக்கும். இந்த மலையில் இயற்கையாக வளர்ந்த சோலைக்காட்டில் பத்து அடிக்கு அப்பால் போனவனைக் குரல் கொடுத்துத்தான் தேட வேண்டும். பிள்ளைகளைக் கையைப் பிடிக்காமல் நடக்கவிடக்கூடிய காடு மலையில் இது ஒன்றுதான் என்பேன்.

காலையில் எவ்வளவு சீக்கிரம் உள்ளே விடுகிறார்களோ அவ்வளவு சீக்கிரம் போய்விடு. பத்து மணிக்கு மேல் தூண் பாறை, குணா குகை, பைன் காடு என்று எல்லா வேன்களும் ஒரே சாலையில் வரிசை கட்டும். கூட்டத்தைக் கண்டு மிரளாதே. அது முழுவதும் சாலையை ஒட்டிய சரிவில்தான் நிற்கும். குதிரை, மக்காச்சோளம், பஜ்ஜி, மரத்தில் சாய்ந்து படம் எடுக்கும் புதுமணத் தம்பதிகள், எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். வேலியையும் அறிவிப்புப் பலகையையும் தாண்டாமலே கொஞ்ச தூரம் உள்ளே போனால் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும்.

போனதும் நடக்கச் சொல்லாதே. ஓரிடத்தில் நிற்கவைத்து மரங்களைப் பார்க்கச் சொல். நேராக நின்றால் ஒழுங்கற்ற கூட்டமாகத் தெரியும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் சட்டென்று மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும், நடுவில் நீண்ட சந்து திறக்கும். இன்னும் ஓரடி நகர்ந்தால் சந்து மூடிக்கொள்ளும். எல்லா இடத்திலும் இது தெரியாது. பட்டுப்போன மரங்களின் இடம் காலியாகக் கிடக்கும். அந்தச் சந்துகளைத் தேடி அலைந்தே பிள்ளைகள் ஒரு கிலோமீட்டர் நடந்துவிடுவார்கள், நடந்தது தெரியாமல். இந்த மரங்களை யாரோ நூல் பிடித்து நட்டிருக்கிறார்கள் என்று பெரியவளே கண்டுபிடித்துச் சொல்வாள். நீ முந்திக்கொள்ளாதே.

அவள் வயலின் வகுப்புக்குப் போகிறாள் அல்லவா? வில்லில் தேய்க்கும் தேன்நிறக் கட்டி பைன் பிசினிலிருந்து எடுப்பதுதான். பட்டை காயம்பட்ட மரத்தில் பிசின் கசிந்து உறைந்திருக்கும். மோந்து பார்க்கச் சொல். தொட்டால் விரலில் ஒட்டும். தண்ணீருக்குப் போகாது, தேங்காயெண்ணெய்தான் வேண்டும். கைப்பையில் ஒரு சின்னக் குப்பி வைத்துக்கொள்.

சின்னவனுக்கு எண்ண ஏதாவது கொடுத்தால் போதும். கீழே கிடக்கும் ஊசிக்கொத்து ஒன்றை எடுத்தால் அடியில் சின்ன உறையில் ஊசிகள் சேர்ந்திருக்கும். பாட்டுலாவில் பெரும்பாலும் மூன்று. பைன் வகைகளைப் பிரித்தறிய விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பதே இந்த எண்ணிக்கையைத்தான். காய்களையும் கவனிக்கச் சொல். இரவு பனியிலும் தூறலிலும் நனைந்து கிடந்தால் காலையில் செதில்கள் மூடியிருக்கும். வெயில் ஏறி ஈரம் உலர உலர விரியும். உதிர்ந்து உயிரற்றுக் கிடக்கும் காயும் இதைச் செய்யும். செதிலின் வெளிப்பக்கம் ஈரத்தில் அதிகம் உப்புவதும் உள்பக்கம் அப்படி உப்பாததுமே காரணம். விதைகளுக்குச் சிறகு உண்டு; காய்ந்த நாளில் வெளியே வந்தால்தான் காற்றில் தூரம் போகும். பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே போடச் சொல். இது வனத்துறை நிலம், பையில் அள்ளிக்கொண்டு வர வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: சறுக்கல். காய்ந்த ஊசிகள் மேல் சரிவில் கால் வைப்பது எண்ணெய் கொட்டிய தரையில் நடப்பதுதான். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது தெரியும். செருப்பும் தேய்ந்த ஷூவும் ஆகாது. அடியில் பள்ளம் வெட்டிய ஷூ வேண்டும். சரிவில் நேராக இறங்காமல் பக்கவாட்டில், பாதத்தைக் குறுக்கே வைத்து இறங்க வேண்டும். பிள்ளைகள் ஒரு தடவையாவது உட்கார்ந்த வாக்கில் சறுக்குவார்கள். சறுக்கட்டும், பழைய பேன்ட் போட்டுவிடு.

அம்மாவின் முழங்காலுக்கு இந்தச் சரிவு வேண்டாம். ஓரத்தில் சமதளத்தில் ஒரு துண்டை விரித்து, சுக்குக் காப்பி பிளாஸ்க்கோடு உட்காரவைத்தால் அவருக்கு அதுவே போதும். மறுநாள் கோக்கர்ஸ் வாக்கில் ஒரு கிலோமீட்டர் மெதுவாக நடக்கட்டும். பாதையும் கைப்பிடியும் இருக்கின்றன, மேகம் விலகினால் கீழே சமவெளி தெரியும். வந்த அன்றே யாரையும் நடக்கவிடாதே. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறோம். மதுரைக்காரர்களுக்குப் படியேறினாலே மூச்சு வாங்கும். டால்ஃபின் மூக்கு என்ற பாறை முனைக்குப் போக அத்தான் ஆசைப்படுவார். வேர்கள் பின்னிய செங்குத்தான பாதை, முனையில் பள்ளத்தை எட்டிப்பார்க்கும் பாறை. பிள்ளைகளோடு கூடாது.

காட்டுமாடு வரும். கொடைக்கானலில் அது தெருவிலேயே நிற்கிறது, காட்டில் நிற்காமலா? அமைதியாக மேயும்; அதை நம்பிப் படம் எடுக்கக் கிட்டே போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். தூரத்தில் கண்டதும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடு. கன்று கூட இருந்தால் இன்னும் தள்ளி நில். நான்கு மணிக்கெல்லாம் வெளியே வந்துவிடு, மஞ்சு இறங்கினால் பத்து மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

உன் தோழிக்கும் நியாயம் செய்ய வேண்டுமே. அடுத்த நாள் வட்டக்கானல் சாலையில் பாம்பார் சோலையின் ஓரமாகப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போ. உள்ளே இறங்க வேண்டாம், சாலையிலிருந்தே தெரியும். மரம் ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில் வளைந்திருக்கும். தண்டில் பாசி, பாசியில் பெரணி, கிளையில் ஆர்க்கிட். பைன் காட்டில் ஊசிகளையே எண்ணிக்கொண்டிருந்த பையன் இங்கே எதை எண்ணுவது என்று தெரியாமல் நிற்பான். சிரிப்பான் குருவிகள் கத்துவதைக் கேட்டால் சின்னவனும் கூடவே கத்துவான். சோலையும் அதைச் சுற்றிய புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் பாம்பாறு ஓடுகிறது. போன வருடம் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியில் குளித்தீர்களே, அது இந்தத் தண்ணீர்தான். அப்புறம் வைகையில் சேர்கிறது. பைன் காட்டை முதல் நாள் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் சட்டென்று உறைக்கும். நேரே சோலைக்கு வந்தால் ‘நிறைய மரம்’ என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் கேட்பார்கள்.

காரில் வருவதானால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெரியவளுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும், வத்தலக்குண்டில் வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காதே. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள். தின்ன மலைவாழைப்பழம் நான் வாங்கி வைக்கிறேன். அத்தான் புதிதாக ட்ரோன் வாங்கியிருக்கிறாராமே, அதை மட்டும் மதுரையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை