ஆறாத கால் புண்ணுக்குச் செவிலியரை வீட்டுக்கு அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் சுகாதாரத் துறைப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு என் அம்மாவை டிரெஸ்ஸிங்குக்கு அழைத்து வந்தேன். பதினொன்றே காலுக்கு, எங்களுக்கு முன்னால் இரண்டே இரண்டு பேர் மிச்சம் இருந்தபோது, "இன்னிக்கு டிரெஸ்ஸிங் முடிஞ்சுது, நாளைக்கு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்குள் அம்மாவின் கட்டு முழுக்க நனைந்து, நீர் குதிகால் வழியாக இறங்கிச் செருப்பில் தேங்கியிருந்தது. எழுந்து நடந்தபோது தரையில் ஒற்றைக் கால் தடம் ஈரமாகப் பதிந்தது. அம்மா அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் முந்தானையால் துடைக்கக் குனிந்தார். நான் தடுத்தேன். அன்று இரவு இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் கதை உங்களுக்குத் தெரியும். பதிவேட்டில் 14 மாதமாக இருக்கிறது. இடது கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்புறத்தில், ரத்த ஓட்டம் சரியில்லாததால் வந்த புண். முதலில் நாணயம் அளவு, இப்போது உள்ளங்கை அளவு. வாரம் மூன்று முறை வரச் சொன்னீர்கள், வந்தோம். கணக்குப் பார்த்தால் 180 தடவைக்கு மேல் ஆகிறது. இத்தனை தடவையில் ஒருமுறைகூட யாரும் ஒரு அளவுகோலை வைத்து அந்தப் புண்ணை அளந்ததில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தப் புண்களைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரை, உரிய கருவியோடும் கட்டுகளோடும், நோயாளியின் வீட்டுக்கே அனுப்புங்கள்.

ஏன் வீட்டுக்கு என்றால், நாங்கள் காத்திருக்கும் அந்த பெஞ்சைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அம்மாவின் சீட்டில் உங்கள் மருத்துவர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: "காலைத் தொங்கவிடக் கூடாது. படுக்கும்போது நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்கவும்." சரியான அறிவுரை. கால் சிரைகளில் மேலே போகும் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வுகள் பழுதாகிவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கி நிற்கும். அசையாமல் நிற்கும்போது யாருக்குமே கணுக்கால் சிரையில் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு அழுத்தம் இருக்கும். வால்வு நன்றாக இருப்பவர் நடந்தால், ஆடுசதை பிழிந்து பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும், அழுத்தம் 30க்கும் கீழே இறங்கிவிடும். அம்மாவைப் போன்றவர்களுக்கு அது இறங்குவதில்லை. அந்த அழுத்தத்தில்தான் கால் வீங்குகிறது, தோல் கறுத்துத் தடிக்கிறது, ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் புண்ணாகி நிற்கிறது.

இப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள், மூன்று நான்கு மணி நேரம் அந்த உயரமான பெஞ்சில் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்கிறீர்கள். ஒருநாள் தாங்க முடியாமல் அம்மா காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். வழியை மறைக்கிறது, இறக்குங்கள் என்றார் ஊழியர் ஒருவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஸ்ட்ரெச்சர் போகும் நடை அது, அவர் சொன்னது நியாயம். ஆனால் அந்தச் சீட்டில் எழுதியதை நோயாளி கடைப்பிடிக்க முடியாத ஒரே இடம் உங்கள் மருத்துவமனையாக இருக்கிறது என்பதை நீங்கள் ஒருமுறையாவது யோசித்துப் பார்த்ததுண்டா? வீட்டில் இரண்டு நாள் காலை உயர்த்தி வைத்து வீக்கம் வடிந்தால், மூன்றாவது நாள் இங்கே வந்து உட்கார்ந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறோம்.

அப்புறம், எங்கள் முறை வந்தால் நடப்பது. காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொண்ட காஸ் துணியை ஒரே இழுப்பாக இழுப்பார்கள். உள்ளே நாற்பது பேர் காத்திருக்கும்போது நனைத்து மெதுவாக எடுக்க அவர்களுக்கு நேரம் இல்லை, அது எனக்குப் புரிகிறது. அம்மா கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். "கொஞ்சம் மெதுவாம்மா" என்பார். "அசையாதீங்கம்மா, ரெண்டே நிமிஷம்" என்று பதில் வரும். பிய்ந்து வந்த துணியை ஒருநாள் உற்றுப் பார்த்தேன். புண்ணின் ஓரத்தில் அந்த வாரம்தான் மெல்லிசாக, இளஞ்சிவப்பாக ஒரு தோல் படர ஆரம்பித்திருந்தது. வீட்டில் நானும் அம்மாவும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தோம். அது துணியோடு வந்துவிட்டது. ஓரமெல்லாம் ரத்தம் முத்து முத்தாகத் துளிர்த்தது.

புண்ணைக் காயவிடாமல் ஈரப்பதத்தோடு மூடி வைத்தால் தோல் சீக்கிரம் வளரும் என்பது நேற்று வந்த செய்தி இல்லை. ஜார்ஜ் விண்டர் என்பவர் 1962-லேயே பன்றித் தோலில் சோதித்து, காய்ந்த புண்ணைவிட மூடிய புண்ணில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தோல் படர்வதைக் காட்டினார். அறுபது வருஷம் தாண்டிவிட்டது. எங்களுக்கு இன்னும் அதே காய்ந்த காஸ் துணி.

துணியை மாற்றினால் மட்டும் போதாது என்பதும் உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு இருப்பதுபோன்ற சிரைப் புண்ணுக்கு உண்மையான வைத்தியம் அழுத்தக் கட்டுதான். விரல் அடியிலிருந்து முழங்கால் வரைக்கும், கணுக்காலில் 40 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு அழுத்தமும் மேலே போகப் போகக் குறைவாகவும் வரும்படி சுற்ற வேண்டும். நீர் வடிவது கட்டுக்குள் வந்துவிட்டால் அதை வாரம் ஒருமுறை மாற்றினாலே போதும். எங்கள் 180 தடவையை 60 ஆக்கியிருக்கலாம், அதுவும் வீட்டில் வைத்தே.

ஆனால் இதைச் சுற்றப் பழகிய கை வேண்டும். அதனால்தான் "யாரையாவது அனுப்புங்கள்" என்று கேட்காமல், "பயிற்சி பெற்றவரை அனுப்புங்கள்" என்று கேட்கிறேன்.

எங்களுக்குப் பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவர் இருந்தார். அவருக்குப் புண் கால் விரல் நுனியில். சின்னதுதான், குடைந்து எடுத்ததுபோல ஆழமாக, அடி வெளுத்துப்போய் இருக்கும். ராத்திரி வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்து காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் கொஞ்சம் அடங்கும் என்பார். அம்மாவுக்குக் காலைத் தூக்கினால் சுகம், அவருக்குத் தொங்கவிட்டால் சுகம். ஒன்றில் ரத்தம் மேலே திரும்பப் போக வழியில்லை, மற்றொன்றில் தமனி அடைத்து ரத்தம் கீழே வந்து சேரவே வழியில்லை. நேரெதிரான இரண்டு நோய். ஒரே பெஞ்ச், ஒரே டிரே, ஒரே துணி.

ஒரு நாள் வேறெங்கோ யாரோ அவர் காலில் வீக்கம் இருக்கிறதே என்று எலாஸ்டிக் கட்டை இறுக்கிச் சுற்றி அனுப்பிவிட்டார்கள். நாடி பார்க்கவில்லை. விடிவதற்குள் விரல்கள் நீலம் பாரித்துவிட்டதாம். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று அவர் மருமகள் பின்னால் சொன்னார். அடைத்த தமனியில் அழுத்தக் கட்டு போட்டால் இருக்கிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க வைக்கும், பைக்குள் அடங்கும் கைப்பிடி டாப்ளர் கருவி ஒன்றும் ரத்த அழுத்தப் பட்டையும் போதும். நோயாளியைக் கால் மணி நேரம் படுக்க வைத்து, கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 0.9-க்குக் கீழே வந்தால் தமனி நோய் இருக்கிறது என்று அர்த்தம். 0.8-க்குக் கீழே முழு அழுத்தக் கட்டு போடக் கூடாது. 0.5-க்குக் கீழே என்றால் கட்டை எடுத்து வைத்துவிட்டு உடனே ரத்தநாள மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனி கல்லாக இறுகி இந்த எண் பொய்யாகக் கூடக் காட்டும், அவர்களுக்குக் கால் விரல் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். இத்தனையும் தெரிந்த ஒரு செவிலியர் அந்தப் பெரியவரின் வீட்டு வாசலில் ஒரு முறை ஏறியிருந்தால், விரல் நீலமாகும் முன்பே அவரை உரிய மருத்துவரிடம் அனுப்பியிருப்பார்.

வீட்டுக்கு வரும் செவிலியர் மருத்துவருக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. தமனி அடைப்பை மருத்துவமனையில்தான் திறக்க வேண்டும். பழுதான சிரைக்குச் சிகிச்சையும் அங்கேதான். 2018-இல் வெளியான ஈவ்ரா என்ற பிரிட்டன் ஆய்வில், அழுத்தக் கட்டு போட்டதோடு, ரத்தம் அதில் தேங்காதபடி பழுதான சிரையையும் மருத்துவர்கள் சீக்கிரமே அடைத்துவிட்ட நோயாளிகளில் பாதிப் பேருக்கு 56 நாளுக்குள் புண் ஆறியது. அந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அதுவே 82 நாள் ஆனது. அம்மாவுக்கு 14 மாதத்தில் சிரை ஸ்கேன்கூட எடுக்கவில்லை. கட்டு போடும் அறைக்கும் ரத்தநாளப் பிரிவுக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் கட்டு போட்டால், இந்தப் புண் நான்கு வாரமாகியும் சிறுத்ததாகவே தெரியவில்லையே, மேலே அனுப்பலாம் என்று யாருக்குத் தோன்றும்? ஒரே செவிலியர் வாரா வாரம் வந்து, அளந்து, படம் எடுத்து, எழுதி வைத்தால் தோன்றும். மாதக்கணக்கில் ஆறாமல் ஓரம் தடித்து எழும் புண்ணில் புற்றுநோய் இருக்கிறதா என்று சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அப்படிப்பட்ட ஒருவர் கண்ணில்தான் படும்.

கேட்டபோது இரண்டு பதில் கிடைத்தது. வீட்டில் சுத்தம் இருக்காது என்றார் ஒருவர். இந்தமாதிரி நாள்பட்ட கால் புண்ணைக் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரிலேயே கழுவலாம். நாற்பது பேர் புண்ணோடு உட்கார்ந்திருக்கும் அறையைவிட அம்மாவின் கட்டில் மோசமில்லை. ஆள் இல்லை என்றார் இன்னொருவர். ஆறாத ஒரு புண்ணுக்கு 180 முறை துணி மாற்ற ஆள் இருந்ததே. அதே கைகளுக்குப் பயிற்சி கொடுத்து, பையும் டாப்ளரும் கொடுத்து வெளியே அனுப்புங்கள் என்கிறோம். இது இதுவரை யாரும் செய்யாத காரியமும் இல்லை. 1859-இல் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தன் மனைவியைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியரையே, ஏழை நோயாளிகளை அவரவர் வீட்டில் போய்ப் பார்க்கச் சம்பளம் கொடுத்து வைத்தார். ஒரு தனிமனிதருக்கு அன்றைக்கே தோன்றியது, இத்தனை பெரிய துறைக்கு ஏன் தோன்றவில்லை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு மரியாதையாக எழுத முடியவில்லை. "வீட்டிலேயே நீங்களே கட்டிவிடுங்க" என்று அனுப்பும்போது, அந்த "நீங்கள்" யார் என்று உங்களுக்குத் தெரியும். மகள், மருமகள், மனைவி. நான் இரண்டு மாதம் கட்டினேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இறுக்கினால் கால் மரத்துப்போகுமோ என்று தளர்வாகக் கட்டினேன், விடிவதற்குள் கட்டு கணுக்காலில் சுருண்டு கயிறுபோல வெட்டியிருந்தது. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைப் போட்டேன், புண்ணைச் சுற்றித் தோல் சிவந்து அரித்தது. கால் புண் உள்ளவர்களுக்கு இப்படிக் களிம்பு ஒவ்வாமல் போவது அடிக்கடி நடப்பதுதான் என்று பின்னால்தான் தெரிந்தது. இதயம் என்றால் வண்டி ஓடிவருகிறது. கால் என்றால் "புண்தானே". அந்தப் புண்ணின் வாடையால் அம்மா ஒரு வருஷமாக எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறார்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும். கேட்பது இதுதான். ஆறாத கால் புண்ணோடு நடக்க முடியாமல் இருப்பவர்களின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற செவிலியரை அனுப்புங்கள். முதல் வருகையிலேயே டாப்ளர் வைத்துப் பார்க்கட்டும், கட்டு போடுவது அதற்குப் பிறகு. முடிந்தவரை ஒருவரே தொடர்ந்து வரட்டும். ராத்திரி விரல் நீலமானால் அழைக்க ஒரு எண் கொடுங்கள். புண் ஆறிய பிறகு காலை அளந்து அழுத்தக் காலுறை கொடுத்து, அதைப் போடுகிறாரா என்று ஒரு முறை வந்து பார்க்கட்டும், ஏனென்றால் போடாவிட்டால் இந்தப் புண் திரும்பவும் வாய் திறக்கும்.

அம்மாவுக்கு அடுத்த கட்டு வியாழக்கிழமை. வேறு வழி கிடைக்கும்வரை வழக்கம்போல ஏழரை மணிக்கு வந்துவிடுவோம். உங்களில் யாராவது ஒருவர் அன்று கீழே இறங்கி வந்து, பதினொரு மணி வரைக்கும் அந்த பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்து பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்