மூடப்பட்ட நம் வேதாகமக் கல்லூரியின் பதிவேடுகள் குறித்து ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய மிஷன் அறங்காவலர்களுக்கும் வன்னிச் சபைகளின் மூப்பர்களுக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். கிளிநொச்சியில் இயங்கிய நம் வேதாகமக் கல்லூரி மாணவர் தொகை போதாமையால் மூடப்பட்டது என்று சபைகளுக்கு ஒரே வரியில் அறிவித்தீர்கள். அந்த முடிவை மாற்றும்படி நான் கேட்கவில்லை. அந்த ஒரு வரியே கல்லூரியின் வரலாறாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அங்கு படித்தவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

1996 செப்டெம்பரில் கிளிநொச்சி படையினர் வசமானபோது கல்லூரியும் மக்களோடு அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே கல்லூரி என்பது ஒரு கிடுகுக் கொட்டில், சில வாங்குகள், ஒரு கரும்பலகை, வேதாகமச் சொற்கள் வரும் இடங்களைக் காட்டும், எல்லோருக்கும் பொதுவான ஓர் ஒத்தவாக்கிய விளக்கம், அவ்வளவுதான். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்டதால், ஜாம் போத்தல் விளக்கின் திரியை இயன்றவரை உள்ளிறக்கி வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் எழுதிக்கொண்டோம். ரோமர் நிருபத்தின் விரிவுரை முழுவதும் எனக்கு அவ்வாறே கிடைத்தது. பிற்பகல்களில் இடம்பெயர்ந்தோரின் கொட்டில்களுக்குப் போய், மலேரியாக் காய்ச்சலில் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்துக் கஞ்சி காய்ச்சினோம். ஊழியப் பயிற்சிக்கு எங்கள் ஆசிரியர் புள்ளியிட்டது அதற்குத்தான். இன்று வன்னியின் சிறு சபைகளை நடத்தும் போதகர்களில் பலர் அந்தக் கொட்டிலிலிருந்து வந்தவர்கள் என்பதை மூப்பர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தபின் கல்லூரி கிளிநொச்சிக்குத் திரும்பியது. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோது மாணவர்கள் முல்லைத்தீவுக் கரைக்குப் போய்ச் சடலங்களை அடக்கம் செய்தார்கள். 2008 செப்டெம்பரில் தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறவேண்டி வந்த நாள்களோடு எங்கள் வகுப்புகளும் நின்றுபோயின. அன்று இரண்டாம் ஆண்டில் இருந்தவர்கள் தருமபுரம், விசுவமடு, மாத்தளன் என்று நடந்தார்கள். எல்லோரும் போரின் முடிவில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேரவில்லை. மீள்குடியேற்றத்தின் பின் சில காலம் வகுப்புகள் நடந்தபோது மாணவர் தொகை குறைந்திருந்தது உண்மைதான். ஏன் குறைந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், படிக்க விரும்பாத ஒரு தலைமுறை என்றே பின்னால் வருவோர் எண்ணிக்கொள்வார்கள்.

நம் பக்கத்துக் குறையும் எழுதப்பட வேண்டும். வெளிநாட்டு உதவி வந்துகொண்டிருந்த காலமெல்லாம், கல்லூரிக்கென்று ஒரு பிடியரிசிக் காணிக்கையைக்கூட நம் சபைகளிடம் நாம் எடுக்கவில்லை. உதவி நின்றபோது கல்லூரியைத் தன்னுடையது என்று தாங்கிக்கொள்ள எந்தச் சபையும் முன்வரவில்லை.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியை எண்ணிப் பாருங்கள். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய அது, ஆங்கிலக் கல்வி இளைஞரை ஊழியத்தைவிட அரசாங்க உத்தியோகத்துக்கே அனுப்புகிறது என்ற மிஷன் தலைமையின் கருத்தினால் 1855இல் மூடப்பட்டது. மூடப்பட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான பின்னும், அங்கே என்ன பாடம் நடந்தது, யார் படித்தார், ஏன் மூடினார்கள் என்று இன்று விவாதிக்க முடிகிறது. அறிக்கைகளை அவர்கள் அச்சிட்டு வைத்ததே அதற்குக் காரணம். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர் என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். நம் கல்லூரியில் படித்தவர்களின் பெயர்களோ எந்தப் பொது இடத்திலும் இல்லை. வன்னியில் இருந்த பதிவேடுகள், அவற்றை வைத்திருந்த பங்கரோடு (பதுங்குகுழியோடு) போயின.

ஆனால் ஆண்டுதோறும் மாணவர் பட்டியலும் கணக்கும் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டன. வெளிநாட்டு உதவியாளருக்கு அறிக்கைகளும் போயின. அவற்றின் பிரதிகளைத் தேடி எடுத்து, ஆட்களின் பாதுகாப்புக்கு மறைக்கவேண்டியதை மறைத்து, ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் பேணிவரும் நூலகம் நிறுவனத்திடம் ஒரு தொகுதி ஒப்படையுங்கள். 2008இல் படிப்பு இடைநின்றவர்களுக்கு, எத்தனை ஆண்டு, எந்தப் பாடங்கள் படித்தார்கள் என்று ஒரு கடிதமாவது கொடுங்கள். சான்றிதழ் இல்லாததால் வேறு இறையியல் கல்லூரிகளில் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கவேண்டி வந்தவர்களை நான் அறிவேன். முதிய ஆசிரியர்கள் இருவர் இன்னும் பேசும் நிலையில் இருக்கிறார்கள். இந்த மழைக்காலத்துக்கு முன் அவர்களிடம் போய் ஒலிப்பதிவு செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன். உங்கள் அனுமதிக் கடிதம் இருந்தால் அவர்கள் தயங்காமல் பேசுவார்கள்.

முள்ளிவாய்க்கால்வரை பையில் சுமந்து வந்த ரோமர் நிருபக் கொப்பிகள் மூன்று என்னிடம் உள்ளன. ஒன்றின் பாதி தண்ணீரில் நனைந்து எழுத்து ஊறிவிட்டது. நீங்கள் தொகுதி ஒன்றைத் தொடங்கும் நாளில் மூன்றையும் கொண்டுவந்து தருகிறேன்.

கர்த்தருக்குள்,
பழைய மாணவன் ஒருவன்,
கிளிநொச்சி.