ஐந்தாவது பங்காளி

குடும்ப அறக்கட்டளைகளின் இளைய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு குடும்ப அறக்கட்டளையில் 26 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எந்த அறக்கட்டளை என்பது வேண்டாம். தாத்தா ஆரம்பித்ததைப் பேரன் பேத்திகள் கையில் எடுக்கும் காலம் இது. நோக்கம் என்ன, விழுமியங்கள் என்ன என்று எழுதி வைக்க ஓட்டலில் ஹால் எடுத்து இரண்டு நாள் உட்காருகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். நல்ல காரியம்தான். உட்காரும் முன் இதை ஒரு தரம் படித்துவிடுங்கள்.

கோவை பீளமேட்டுக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவுக்கு நான்கு மகன்கள். குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தபோது ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பாகம் தர்மத்துக்கு. 1926-ல் 2,01,000 ரூபாயோடு தொடங்கியது பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ். 1951-ல் வந்த பொறியியல் கல்லூரி, 1985-ல் வந்த மருத்துவக் கல்லூரி எல்லாம் அந்த ஒரு பாகத்தில் முளைத்து வளர்ந்தவை.

தொகையை விட எனக்கு அந்தக் கணக்குதான் பிடிக்கும். வாசலில் நின்று கேட்கிறவனாக இருந்த தர்மத்தைக் கூடப் பிறந்தவனாக்கி உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். தம்பிக்குப் பாகம் கொடுக்க யாராவது பந்தல் போடுவார்களா? கொடுத்ததை போட்டோ எடுத்து மாட்டுவார்களா? கொடுத்த பாகத்தில் திரும்பக் கை வைத்தால் ஊர்தான் சும்மா விடுமா?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வருடம் 40 பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் தருவதாக முடிவானது. ஜூன் மாதமே காசோலைகளை எழுதி, கையெழுத்து வாங்கி, என் மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். விழாவுக்கு வர வேண்டிய பெரியவர் தேதி தரவில்லை. தந்தபோது ஜூலை பாதி போய்விட்டது. சில கல்லூரிகளில் கட்டணம் கட்டக் கடைசி நாளும் முடிந்திருந்தது. ஒரு பிள்ளையின் அம்மா வட்டிக்கு வாங்கி அபராதத்தோடு கட்டிவிட்டு, பிறகு விழாவுக்கும் வந்தார். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். பெரியவர் வந்தது ஒன்றரைக்கு.

மேடையில் கொடுத்தது நாலடி நீளத்துக்குத் தெர்மோகோல் காசோலை. கேமராக்காரர் சரியாக விழவில்லை என்றதால் அந்தப் பிள்ளை அதை இரண்டு தரம் வாங்கியது. விழா முடிந்ததும் அலுவலகத்துக்கு வந்து, "சார், இதை இங்கேயே வச்சுட்டுப் போகட்டுமா? பஸ்ஸுல ஏத்த மாட்டாங்க" என்றது. வாங்கி பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். நான் ஓய்வு பெறும்வரை அது அங்கேயேதான் இருந்தது. பந்தல், பிளெக்ஸ், சாப்பாடு, பொன்னாடைக்கு ஆன செலவில் இன்னும் மூன்று பேருக்குக் கட்டணம் கட்டியிருக்கலாம். அதை 'நிர்வாகச் செலவு' என்று பேரேட்டில் எழுதியவனும் நான்தான். அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் இந்த மடலே.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறது என்பார்கள் இல்லையா, அதுதான் நடந்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலேயே பணம் குடும்பத்தை விட்டுப் போய்விட்டது. அதை வைத்துக் குடும்பத்தின் படத்தை எப்படி அச்சடிக்கலாம்? வருமான வரிச் சட்டமும் கிட்டத்தட்ட இதே கண்ணோடுதான் பார்க்கிறது. வரிவிலக்கு வேண்டுமானால் பொதுவாக வருட வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ ஆதாயம் போனால் அந்தத் தொகைக்கு விலக்கு போய்விடும். அறக்கட்டளை காரில் பேத்தியை டியூஷனுக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்பீர்கள். ஆடிட்டர் ரசீதைப் பார்ப்பார். டிராயரில் ஒரு மாதம் தூங்கிய காசோலை அவர் கண்ணில் படாது.

சரி, நோக்கம். பெரும்பாலான அறக்கட்டளைப் பத்திரங்களில் கல்வி, மருத்துவம், முதியோர் இல்லம், மரம் நடுதல், கோசாலை என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கும். பின்னால் எதற்கும் தடை வரக்கூடாது என்று வக்கீல் எழுதுவது அது. இருந்துவிட்டுப் போகட்டும். அது தவிர உங்களுக்குள் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எந்த ஊரில், யாருக்கு, என்ன. 'சமுதாய மேம்பாடு' என்று எழுதினால் எனக்குக் கணக்கு எழுத வராது. 'எங்கள் தாலுகாவில் பிளஸ் டூ முடித்த, அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு முதல் வருடக் கட்டணம்' என்று எழுதினால் வரும்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதற்குப் பச்சையப்ப முதலியார் இருக்கிறார். தர்மங்களுக்கு உயில் எழுதி வைத்துவிட்டு 1794-ல் கண்ணை மூடினார். வாரிசுத் தகராறு, வழக்கு என்று இழுத்தது. நீதிமன்றம் தலையிட்டு, தர்மப் பணத்தின் மிச்சத்தில் சென்னையில் அவர் பெயரில் பள்ளி திறந்தபோது வருடம் 1842. நடுவில் 48 வருடம் போயிருந்தது. அதனால் அறங்காவலர் குழுவில் குடும்பத்துக்கு வெளியே இருந்து ஒருவரையாவது சேருங்கள். உங்கள் தொழிலோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவராக இருக்கட்டும். முன்பு உங்களிடம் உதவி வாங்கிப் படித்து இன்று வேலையில் இருக்கும் ஒரு பெண் என்றால் இன்னும் நல்லது. காலை பத்திலிருந்து ஒன்றரை வரை காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், இந்த வருடக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று கல்லூரிகளில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகட்டும். பிள்ளை ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், ஆடிட்டருக்கும் அது போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய கணக்காளர்