ஆண்டுப் பொதுக்குழுவில் வாசிக்கப்பட்ட செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வழக்கம்போல் வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் கொடி ஏற்றினோம். ஜூலை 10 அன்று 1806 வேலூர்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு மாலை போட்டோம். தெருவில் கொசு மருந்து அடிக்கப்பட்டது. கண் பரிசோதனை முகாமுக்கு நல்ல கூட்டம். மறுவாரம் செயற்குழுவுக்கு அந்தக் கூட்டத்தைக் காணோம்.

இனி நம் சங்கத்தின் இணையப் பக்கம். ஆளுக்கொரு விதமாகப் பேசுவதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். அதில் இருந்தது கூட்ட அறிவிப்பும் சந்தா பாக்கிப் பட்டியலும்தான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுப் பிள்ளைகளாவது பார்க்கட்டும் என்று, டிம் ஹோல்மன் என்பவர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் 'கர்சர் எஃபெக்ட்ஸ்' என்ற ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) தொகுப்பைச் சேர்த்தேன். மவுஸை நகர்த்தினால் பின்னாலேயே வானவில் நீளும். இன்னொன்றில் நீர்க்குமிழி கிளம்பும். இன்னொன்றில் நேரம் காட்டும் கடிகாரமே அம்புக்குறியோடு கூட வரும்; அதைச் செயற்குழுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், காரணம் செயற்குழுவுக்குத் தெரியும். ஸ்கிரிப்டை அழைத்து, வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்டால் சரி, சில வரிகளில் வேலை முடிந்தது. சங்கப் பணம் ஒரு பைசா போகவில்லை.

அக்னி நட்சத்திரத்தில் அதே தொகுப்பிலிருந்து முகப்பில் பனி கொட்ட விட்டேன். "வேலூரில் ஏது சார் பனி?" என்று கேட்டார்கள். இல்லாததால்தானே வைத்தேன்!

ஆனால் "பனி மறைத்ததால் சந்தா கட்டும் பொத்தானை அழுத்த முடியவில்லை" என்று சிலர் சொல்வதை மட்டும் ஏற்பதற்கில்லை. பனி விழுவது பக்கத்தின் மேல் கண்ணாடித்தாள் விரித்ததுபோல் கிடக்கும் ஒரு கேன்வாஸில், அதாவது படம் வரையும் பரப்பில். 'பாயின்டர் ஈவன்ட்ஸ்: நன்', அதாவது மவுஸைக் கண்டுகொள்ளாதே என்று அதற்குச் சொல்லியிருப்பதால் கிளிக் அங்கே நிற்காது, நேராக அடியில் உள்ள பொத்தானுக்குப் போய்விடும். பனிக்கு நடுவிலேயே என் சந்தாவைக் கட்டிப் பார்த்தேன், ரசீது வந்தது. தலை சுற்றுகிறது என்று ஒரு பெரியவர் சொன்னது நியாயம். கணினியில் அசைவைக் குறைக்கும் அமைப்பைப் போட்டுவிட்டால் இந்த ஸ்கிரிப்ட் தானாகவே அடங்கிவிடும். அவர் வீட்டுக்கே போய்ப் போட்டுக் கொடுத்தேன். காபி கொடுத்தார், சந்தாவும் கொடுத்தார்.

வரவு செலவு விவரம் தணிக்கை முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சுமாராகச் சொன்னால், வரவுக்குள் செலவு அடங்கியது. பாக்கியெல்லாம் வந்திருந்தால் தாராளமாகவே அடங்கியிருக்கும்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், நாற்காலி, மைக் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு டொமைன் பெயரைப் புதுப்பிக்க வேண்டும். போன முறை என் கைப்பணத்தில் கட்டினேன். திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். இளைஞர் யாராவது செயலாளராக வருவதானால் பீரோ சாவியையும் கடவுச்சொல்லையும் இன்றே தரத் தயார். யாரும் வராவிட்டால் தீபாவளிக்கு முகப்பில் மினுமினுப்புப் பொடி தூவலாம் என்று இருக்கிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். பொத்தான் சரிப்படாதவர்கள் போகும்போது அவரிடமே கொடுத்துவிடலாம்.